கடைசிப் பக்கத்துத் தேதி

என் கணவருக்குத் தொண்ணூற்று நான்கு. எனக்கு முப்பத்தெட்டு. வயதைச் சொல்லவில்லை. வயது அவருக்கு எழுபத்திரண்டு, எனக்கு அறுபத்தொன்பது. நான் சொன்னது இந்தச் சித்திரையில் எங்களுக்கு இருந்த கற்றல் எண்.

அறுபத்தைந்து தாண்டியவர்கள் எல்லோரும் தினமும் ஒரு மணி நேரமாவது நெற்றிப்பட்டை கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்து நான்கு வருடம் ஆகிறது. படிக்கிற மூளை சீக்கிரம் பழுதாகாதாம். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். பொள்ளாச்சியில் ஒரு கிளை நூலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, யாராவது வந்து படிக்க மாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்றவள் நான். ஊரே படிக்கப்போகிறது என்று கேட்டதும் முதலில் கைதட்டிய ஆள் நானாகத்தான் இருக்கும்.

பட்டையைக் கட்டிவிட வந்தவள் யாழினி. முதியோர் நல அலுவலர். நாற்பது வயது இருக்கும். அன்றைக்கு அவளுக்கு அது பதினெட்டாவது வீடாம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் விளக்கினாள்.

“புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கும்போது மூளை ஒரு துள்ளு துள்ளும்மா. அந்தத் துள்ளலத்தான் இந்தப் பட்டை எண்ணுது. நிறையத் துள்ளுனா நிறையக் கத்துக்கறீங்கன்னு அர்த்தம்.”

“ஏங்கண்ணு, படிச்சத மறந்துட்டு மறுக்கா படிச்சாலும் துள்ளுமே?”

அவள் சிரித்தாள். “மறதி வந்தவங்க எங்கம்மா புத்தகத்த எடுக்கப் போறாங்க?”

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நானே மறந்துபோனேன்.

என் கணவர் பெயர் திருமூர்த்தி. நார் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, வேலை முடிந்ததும் அதில் தொங்கும் அட்டையில் தேதி போட்டு ‘தி.மூ.’ என்று எழுதுவார். அந்தப் பழக்கத்தைப் புத்தகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். நூலகத்தில் எடுத்துப் போகும் புத்தகமெல்லாம் கடைசிப் பக்கத்தில் பேனாவால் தேதியும் தி.மூ.வும் போட்டுத் திரும்பி வரும். ஒரு நாள் கூப்பிட்டுத் திட்டினேன். மறுவாரம் முதல் பென்சிலில் எழுதினார், “நீங்க அழிச்சுக்கலாம்ல” என்றார். அப்படி அழித்து அழித்தே கல்யாணம் வரைக்கும் போனது. பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான், இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீடு, சுவர் நிறையப் புத்தகம்.

மறதி அவருக்குத் திருடன் போலத்தான் வந்தது. முதலில் சாவி, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர், அப்புறம் நேற்று. பெரிய புத்தகம் எதையும் அவரால் படிக்க முடியவில்லை, மூன்றாம் நாள் இழை அறுந்துவிடும். அப்போதுதான் அட்டை கிழிந்த, பெயர்ப்பக்கம்கூட இல்லாத ஒரு துப்பறியும் நாவல் அவர் கையில் மாட்டியது. தொண்ணூறு பக்கம். பத்து மணிக்குப் பட்டையைக் கட்டி உட்கார்ந்தால் பதினொன்றரைக்கு முடித்துவிட்டுச் சமையலறைக்கு ஓடிவருவார்.

“அம்மிணி! கம்பவுண்டர்தான் கொலகாரன்! மருந்து கலக்கிக் குடுத்தே கொன்னுபோட்டானே, பாவி!”

“அடப்பாவி,” என்பேன் நானும்.

மறுநாளும் அதே நாவலை எடுத்தார். மறுநாளும் ஓடிவந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மில் மூடிய பிறகு நான் பார்த்ததில்லை. அவர் எண் அறுபது, எழுபது, எண்பது என்று ஏறிக்கொண்டே போனது. புதிதாகப் படிப்பவன் மூளை துள்ளாமல் என்ன செய்யும்?

ஒரு நாள் மட்டும் அவர் ஓடிவரவில்லை. போய்ப் பார்த்தால் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐந்து தேதிகள். ஐந்துக்கும் கீழே தி.மூ.

“இது என் கையெழுத்து அம்மிணி. நேத்து தேதி போட்டிருக்குது. முந்தாநாளும் போட்டிருக்குது. நான் எப்பப் படிச்சேன்?”

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்று அவர் சாப்பிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் விடிந்ததும் அதையும் மறந்துபோனார். எனக்குத்தான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் நாவலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனதும் அழிப்பானை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் துடைத்துவிடுவேன். பழகிய வேலைதானே.

என் எண் ஏன் இறங்கியது என்று கேட்பீர்கள். நூலகத்தில் இருந்தவளுக்குப் புத்தகம் அலுத்துவிட்டது என்று யாழினி நினைத்தாள். அது பாதிதான் உண்மை. நான் படிக்கிற ஒரு மணி நேரமும் ஒரு காது அடுப்படியில் இருக்கும், இன்னொரு காது வாசல் கதவில் இருக்கும். கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிடுவார். லுங்கியோடு கிளம்பி மில்லுக்குப் போகிறேன் என்பார். கண் வரியின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும், மனசு அவரைத் தேடிக்கொண்டிருக்கும். மலையாள எழுத்து கற்றுப்பார்த்தேன். பதினோராம் எழுத்தில் தூங்கிப்போனேன். களைத்த மூளை துள்ளுமா?

மூன்று மாதம் தொடர்ந்து ஐம்பதுக்குக் கீழே போனால் ‘துணை தேவைப்படுவோர்’ என்று பதிந்துவிடுவார்கள். அதே வீட்டில் ஐம்பதுக்கு மேல் ஒருவர் இருந்தால் அவர் ‘பொறுப்பாளர்’. மருந்துப்பெட்டி, வங்கி, வாசல் பூட்டு எல்லாம் பொறுப்பாளர் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். சித்திரை மாதம் கடிதம் வந்தது. துணை தேவைப்படுவோர்: கோகிலவாணி. பொறுப்பாளர்: திருமூர்த்தி. படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி ஒருமுறை படித்தேன்.

மருந்துப்பெட்டி சமையலறைச் சுவரில் மாட்டியது. அதுவரை என் விரலுக்குத் திறந்தது. நான் எண்ணி எடுத்து அவருக்குச் சர்க்கரை மாத்திரையும் எனக்கு நெஞ்சு மாத்திரையும் போடுவேன். இப்போது அவர் விரல். பொறுப்பாளர் எத்தனை முறை கேட்டாலும் பெட்டி கொடுக்கும், ஏனென்றால் அவர் பொறுப்பாளர். நான்காவது நாள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போய் வந்தேன். அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. சர்க்கரை மாத்திரையை மூன்று தடவை எடுத்துப் போட்டிருக்கிறார். வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினேன். அரைமணி கழித்துக் கண் திறந்து, “ஏன் அம்மிணி அழுவற, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றார்.

அன்றே புகார் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

யாழினி இரண்டாம் நாள் வந்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள். அவர் உள்ளறையில் நாவலோடு இருந்தார். நாங்கள் சமையலறையில் உட்கார்ந்தோம்.

“அவரு எண் தொண்ணூத்து நாலும்மா. எங்க வட்டத்துலயே ரெண்டாவது இடம். பரிசு குடுக்கலாம்னு பேசிட்டிருக்கோம்.”

“அவரு மூணு மாசமா ஒரே புத்தகத்தத்தான் கண்ணு படிக்கறாரு. தினமும் புதுசாப் படிக்கறாரு. படிச்சது ஒண்ணும் நிக்கறதில்ல.”

“பட்டைக்கு என்ன புத்தகம்னு தெரியாதும்மா. அதுக்குத் துள்ளல்தான் தெரியும்.” பையிலிருந்து தொடுதிரைப் பலகையை எடுத்தாள். “ஒரே புத்தகம்னு எப்படிச் சொல்றீங்க? ஏதாச்சும் ஆதாரம் இருக்குதா?”

“இருக்குது. முடிச்சதும் கடைசிப் பக்கத்துல தேதி போட்டுருவாரு. ஒவ்வொரு நாளும்...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அத்தனை தேதியையும் அழித்தவள் நான்தானே. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள், அதைவிடச் சுத்தமாக நான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் எழுந்து போய், அவர் பாத்ரூமுக்குப் போன நேரத்தில் நாவலைக் கொண்டுவந்து காட்டினேன். கடைசிப் பக்கம் நைந்து, அடிப்பக்கம் தெரிகிற மாதிரி மெலிந்திருந்தது. ஓரிடத்தில் சின்ன ஓட்டை.

“இங்கதான் எழுதுவாரு. நான் அழிச்சிருவேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

யாழினி அந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த பலகையில் எதையோ தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். மறைக்கவில்லை, நல்ல பெண். ‘ஒரே செயலைக் காரணமின்றித் திரும்பத் திரும்பச் செய்கிறார்’ என்று என் பெயருக்கு நேராக எழுதியிருந்தாள். அவர் வெளியே வருவதற்குள் நாவலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் குறிப்ப நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதிக்க. ஆனா அவருகிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாரு. இன்னிக்கு என்ன கிழமைன்னு கேளு. நேத்து என்ன சாப்பிட்டாருன்னு கேளு. போதும்.”

அவள் எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். குரலைத் தணித்தாள்.

“கேக்கறேன்மா. கேட்டா அவரு தப்பாத்தான் சொல்லுவாரு, எனக்கே தெரியுது. ஆனா அந்தப் பதில ஒருதடவ பதிஞ்சுட்டா எடுக்க முடியாது. அவரு எண் ரத்தாயிரும். உங்க முப்பத்தெட்டு அப்படியேதான் இருக்கும்.”

“பட்டை தப்புன்னு தெரிஞ்சப்புறம் என் எண் மட்டும் எப்படிச் சரியாவும்?”

“அதுக்குத் தனியா மனு போடணும். ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த வீட்ல ரெண்டு பேருமே துணை தேவைப்படுவோர். பொறுப்பாளர் யாரும் இல்ல. இல்லத்துக்கு மாத்தணும்.”

“சரி, ரெண்டு பேரும் போறோம்.”

“ஆம்பளைங்க இல்லம் உடுமலைப் பக்கம். பொம்பளைங்களுக்கு மேட்டுப்பாளையம் ரோட்ல.” அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “மாசம் ஒருக்கா பாக்கலாம்.”

ஆறு மாதம். மாதம் ஒரு முறை. மொத்தம் ஆறு முறை. ஆறாவது முறை போகும்போது இந்தப் பொம்பளை யார் என்று அவர் கேட்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முதல் முறையே கேட்டுவிட்டால்? எனக்குப் பயமாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் உள்ளறையிலிருந்து ஓடிவந்தார். நெற்றியில் பட்டை, கண்ணெல்லாம் வெளிச்சம்.

“அம்மிணி! கம்பவுண்டர்தான்! மருந்து கலக்கறவனே...” யாழினியைப் பார்த்ததும் நின்றார். “வாங்கம்மா. புதுசா குடிவந்திருக்கீங்களா?”

அவள் எங்கள் வீட்டுக்கு நான்கு வருடமாக வருகிறவள். என்னைப் பார்த்தாள். அவள் விரல் பலகையின் மேல் நின்றது. ஒரு சொல் போதும், நான் சரி என்று தலையாட்டினால் போதும்.

“புகாரத் திருப்பி வாங்கிக்கறேன் கண்ணு,” என்றேன். “அவருக்கு நல்லாத்தான் ஞாபகம் இருக்குது. நான்தான் எதையோ மறந்துபோட்டு உளறிட்டேன்.”

“அம்மா...”

“எங்க கையெழுத்துப் போடணும், காட்டு.”

போட்டேன். சுயமாக நான் போட்ட கடைசிக் கையெழுத்து அது. ‘புகார் என் மறதியால் எழுந்தது’ என்பதற்குக் கீழே, நூலகப் பதிவேட்டில் போடுவது போல முழுப் பெயர். யாழினி கிளம்பும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவளுக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது.

பெட்டிக்கு நானே வழி கண்டுபிடித்தேன். காலை ஒன்பது மணிக்கு அது பேசும். முதல் நாள் அப்போது அவர் விரலை வைக்கச் சொல்லி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் உளுந்து டப்பாவுக்குள் கொட்டி ஒளித்துவிட்டேன், அன்றன்றைக்குத் தேவையானதை அதிலிருந்து எண்ணி எடுப்பேன். அப்புறம் அவர் எத்தனை தடவை திறந்தாலும் காலிப் பெட்டிதான். ஆபத்து போயிற்று என்று பெருமூச்சு விட்டேன்.

ஆனால் அந்த ஒன்பது மணி இருக்கிறதே. பெட்டி கணீரென்று சொல்லும். “பொறுப்பாளர் திருமூர்த்தி அவர்களே, துணை தேவைப்படுவோர் கோகிலவாணிக்கு மருந்து கொடுக்கும் நேரம்.”

தினமும் அவர் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பார்.

“உனக்கா? உனக்கென்ன அம்மிணி?”

“மறதிங்க. கொஞ்சம் மறதி வந்திருச்சு எனக்கு.”

“எப்ப இருந்து? எங்கிட்ட ஏன் சொல்லல?” முகம் கோணிக்கொள்ளும், கண்ணில் நீர் கட்டிவிடும். அறுபத்தொன்பது வயதுக் கிழவியைச் சின்னப் பிள்ளை மாதிரி இழுத்துத் தோளில் சாய்த்துக்கொள்வார். “பயப்படாத. நான் இருக்கறேன்ல. நான் பாத்துக்கறேன்.”

ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. தினமும் அவருக்கு அது முதல்முறை. தினமும் அந்த இடி அவர் தலையில் புதிதாக விழும். நேற்று அழுது ஓய்ந்த துக்கத்தின் தடம்கூட இருக்காது. அணைத்துக்கொண்ட அந்தக் கை என்னவோ எனக்குப் பிடித்திருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டேன். என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் சொல்லி வெகுகாலம் ஆயிற்று.

ஆடி மாதத்தில் நாவல் கைவிடத் தொடங்கியது. மறந்த மூளையிலும் எங்கோ ஒரு மூலையில் தடம் விழும் போலிருக்கிறது. இருபதாம் பக்கத்திலேயே, “இந்தக் கம்பவுண்டர் மூஞ்சியே சரியில்ல அம்மிணி” என்றார். ஓடிவருவது நின்றது, நடந்து வந்தார். பிறகு வரவே இல்லை. எண் எண்பது, எழுபத்தொன்று, அறுபத்து மூன்று. வேறு நாவல்கள் நாலைந்து கொடுத்துப் பார்த்தேன், பாதியில் கவிழ்த்துவைத்துவிட்டுத் தூங்கினார். ஐம்பத்தாறு. ஐம்பத்திரண்டு.

எனக்குத் தூக்கம் போயிற்று. உடுமலைப் பக்கம், மேட்டுப்பாளையம் ரோடு. கண்ணை மூடினால் இந்த இரண்டு திசைதான்.

ஒரு காலை பெட்டி பேசுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, நான் பட்டையை எடுத்து அவர் நெற்றியில் கட்டினேன். “இன்னிக்கு வெள்ளனவே படிக்கலாங்க,” என்றேன். பெட்டி பேசியது. அவர் திடுக்கிட்டார், அழுதார், என்னை அணைத்துக்கொண்டார். அவர் தோளில் சாய்ந்தபடியே, அவர் காதோரம் இருந்த பட்டையின் சின்னத் திரையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துள்ளல் மேல் துள்ளல். கம்பவுண்டர் கொலைகாரன் என்று தெரிந்தபோதுகூட அத்தனை வந்ததில்லை. சாயந்திரம் எண் அறுபத்தொன்பது.

கட்டிய கணவனைத் தினமும் அழவைத்துப் பிழைக்கிறவளுக்கு என்ன பெயர் வைப்பது? நாவலில் வருகிற கம்பவுண்டராவது ஒரு தடவைதான் விஷம் கொடுத்தான். ஆனாலும் மறுநாளும் கட்டினேன். அதற்கு மறுநாளும் கட்டினேன். ஆவணி, புரட்டாசி என்று போய்க்கொண்டிருக்கிறது.

இன்று காலையும் அப்படித்தான். எண்ணெல்லாம் ஏறி முடிந்ததும் அவர் பட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் பட்டையைக் கட்டிக்கொண்டு பேருக்கு ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். அடுப்படியில் ஏதோ சரசரவென்று சத்தம். கேஸோ என்று பதறி ஓடினேன். அவர் காலண்டர் அட்டையைச் சதுரமாக வெட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்து மருந்துப்பெட்டியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மெஷினில் தொங்கவிடுவாரே, அதே மாதிரி. என்னைக் கண்டதும் பென்சிலைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“என்னங்க அது?”

“ஒண்ணுமில்ல அம்மிணி. நீ போயிப் படி.”

அவர் குளிக்கப் போனதும் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அவருக்கே உரிய கோணல் எழுத்து.

‘கோகிலாவுக்கு மறதி. நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளக் கூடாது, பாவம், வருத்தப்படுவாள்.’ கீழே இன்றைய தேதி. தி.மூ.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் நெற்றியில் பட்டை மெல்ல அதிர்ந்தது. கழற்றிப் பார்த்தேன். வெகுமாதங்களுக்குப் பிறகு என் கணக்கிலும் ஒரு துள்ளல் ஏறியிருந்தது.

இந்த அட்டை இப்படியே தொங்கினால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு முன்பே அவர் இதைப் படித்துவிடுவார். திடுக்கிட மாட்டார். அழ மாட்டார். நிம்மதியாக விரலை வைப்பார். அவருக்கு அந்த நிம்மதி கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் நிம்மதிக்குப் பட்டையில் எண் கிடையாது.

குளியலறையில் தண்ணீர் நின்றது. நான் அலமாரியைத் திறந்து அழிப்பானை எடுத்தேன்.